மோட்டார் சைக்கிள் ரயரை வீட்டிலே மாற்றுதல்
கம்பிச் சில்லும் ரியூப்பும் உள்ள வண்டி வைத்திருப்போருக்கு

தாயகத்திலே மோட்டார் சைக்கிளின் சில்லில் காற்றுப் போய்விட்டால் அதனை எவரும் பெரிய இடராகக் கருதியதில்லை. சந்திக்குச் சந்தி ஒரு கடை இருந்தது. கடைக்காரர் இரண்டு இரும்பு லீவர்களை எடுத்து, ஊர்ப்புதினம் பேசிக்கொண்டே ரயரைக் கழற்றி, ரியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் கண்டு ஒட்டுப் போட்டு, நாம் வாங்கிய தேநீர் ஆறுமுன்னரே வண்டியைக் கையளித்துவிடுவார். நம்மிற் பலர் அருகில் நின்று பார்த்திருக்கிறோம். அந்தக் கைகள் ஏன் அவ்வாறு செய்தன என்பதைக் கேட்டறிந்தோர் சிலரே.

புலம்பெயர்ந்த நாடுகளில் நிலைமை வேறு. இங்கே ரயர் மாற்றுவதற்கு நாள் குறித்துக் கடைக்குச் செல்ல வேண்டும். ரயரின் விலையோடு கூலியும் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆணி ஏறினால், திங்கள் வேலைக்குச் செல்லும் வழி அடைபட்டுவிடுகின்றது. அண்மைக் காலத்தில் எமது பிள்ளைகள் சிலர் விரும்பி வாங்கும் றோயல் என்பீல்ட் போன்ற வண்டிகள் பலவற்றில் பழைய முறைப்படி கம்பிச் சில்லும் ரியூப்பும் இருக்கின்றன. விடுமுறைக்கு ஊருக்குச் செல்வோர் உறவினரின் வண்டியை எடுத்துக்கொண்டு பூநகரி வீதியிலோ வன்னியின் உள்வீதிகளிலோ நெடுந்தூரம் ஓடுகின்றனர். இவர்களுக்கெல்லாம் இந்த வேலை தெரிந்திருத்தல் நன்று.

பணம் மிச்சம் என்பது சிறிய காரணம். பெரிய காரணம் ஒன்றுண்டு. ரயரைத் தவறாக மாட்டினால் அந்தத் தவறு உடனே வெளிப்படாது. நசுங்கிய ரியூப் இரண்டு நாள் காற்றைத் தாங்கும். மூன்றாம் நாள் வேகவீதியிலே திடீரென விட்டுவிடும். ஆகவே வேலையைத் தாமே செய்பவரும், பிறரைக் கொண்டு செய்விப்பவரும், சரியாகச் செய்வது எப்படி என்பதை அறிந்திருக்க வேண்டும்.

சில்லு வந்த வழி

காற்றடைத்த ரயரை முதலிற் கண்டவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த றொபேட் வில்லியம் தொம்சன். அவர் 1845இல் அதற்கு உரிமம் பெற்றார். ஆயினும் அது வழக்கத்திற்கு வரவில்லை. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனின் முச்சக்கர சைக்கிளுக்காக மீண்டும் அதைக் கண்டுபிடித்தார். அக்காலத்து ரயர் றிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. ஆணி ஏறினால் பிரித்தெடுத்து ஒட்டுவதற்கு மணிக்கணக்காகும்; பசை காய ஓர் இரவு காத்திருக்க வேண்டும். பிரான்சின் கிளெர்மோன் பெரோன் நகரில் மிஷ்லன் சகோதரர்கள் அந்தத் தொல்லையைக் கண்ட பின்னரே கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் ரயரை 1891இல் உருவாக்கினர். அதற்கு முந்திய ஆண்டிலே இங்கிலாந்தில் வெல்ச் என்பவர் ரயரின் ஓரத்தில் நீளாத கம்பி வளையத்தை வைக்கும் முறைக்கு உரிமம் பெற்றிருந்தார். இன்று எமது வண்டியில் இருக்கும் ரயர் அவ்வழியில் வந்ததே.

இந்த வரலாற்றில் எமது மக்களுக்கும் பங்குண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் எழுந்த இரப்பர்த் தோட்டங்களிலே விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திலே பெற்றோல் அருகியது, உதிரிப்பாகங்கள் அரிதாயின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஹொண்டா வண்டிகளை ஓட்டினோம். வெடித்த ரயருக்குள்ளே பழைய ரயரின் துண்டை வைத்து ஓட்டியோரும், ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூப்பைப் பொன்போலப் பேணியோரும் நம்மிடையே இன்றும் உள்ளனர். புதிய ரயர் வாங்க முடியாத காலத்திற்கு அந்த முறை பொருத்தம். வாங்கக்கூடிய நாட்டில், அதுவும் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வீதிகளில், அது பொருந்தாது. அக்காலத்துப் பொறுமையை வைத்துக்கொண்டு அக்காலத்து ஒட்டுகளை விட்டுவிடுதலே தக்கது.

முதலில் விளங்க வேண்டியது

ரயரின் இரு ஓரங்களிலும் உருக்குக் கம்பி வளையம் உள்ளது. அது நீளாது. றிம்மின் வெளிவிளிம்பு அந்த வளையத்தைவிடப் பெரியது. நீளாத சிறிய வளையத்தைப் பெரிய விளிம்பின் மேலாக எப்படிக் கொண்டுவருவது? வேலை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றது.

விடை றிம்மின் நடுவில் இருக்கின்றது. றிம்மைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், இரு பக்கமும் ரயரின் ஓரம் அமர்வதற்குத் திண்ணை போன்ற இடமும், நடுவிலே ஆழமான பள்ளமும் தெரியும். ரயரின் ஓரத்தை ஒரு பக்கத்தில் அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், அது எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு இடம் எதிர்ப்பக்கத்தில் கிடைக்கும். அந்த இடைவெளியால் ஓரத்தை விளிம்புக்கு மேலே எளிதாக எடுக்கலாம்.

எமது பெண்கள் காப்புப் போடும் விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பு விரியாது. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கையைக் குவித்ததும் காப்பு வழுக்கிச் செல்கின்றது. கையை விரித்து வைத்துக்கொண்டு தள்ளினால் தோல்தான் உரியும். ரயரும் அப்படியே. லீவரைத் தூக்க மிகுந்த பலம் வேண்டியிருந்தால், எதிர்ப்பக்கத்து ஓரம் பள்ளத்துக்குள் இல்லை என்பதே பொருள். அவ்வேளையில் பலத்தைக் கூட்டாமல், லீவரை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும்.

ரயரில் எழுதியிருப்பதை வாசித்தல்

ரயர் வாங்கு முன்னர் பழைய ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 2.75-17 என்றிருந்தால் அகலம் 2.75 அங்குலம், றிம்மின் விட்டம் 17 அங்குலம். 90/90-21 என்றிருந்தால் அகலம் 90 மில்லிமீற்றர், உயரம் அகலத்தில் 90 சதவீதம், றிம் 21 அங்குலம். றோயல் என்பீல்ட் நிறுவனம் 2016இல் அறிமுகப்படுத்திய ஹிமாலயன் வண்டியின் முன்சில்லு 90/90-21 அளவினது, பின்சில்லு 120/90-17. ரியூப்பையும் அதே அளவுக்கு வாங்க வேண்டும். பெரிய ரியூப் உள்ளே மடிந்துவிடும். சிறியது மிகையாக இழுபட்டு மெலிந்துவிடும்.

பக்கத்திலே டொட் என்ற எழுத்துகளைத் தொடர்ந்து ஒரு வரிசை காணப்படும். அதன் இறுதி நான்கு இலக்கங்கள் ரயர் செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தவாளிப்பு ஆழமாக இருந்தாலும் இரப்பர் முதுமையடையும். ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் நன்கு சோதிப்பதும், பத்து ஆண்டு கடந்ததைத் தயங்காது மாற்றுவதும் நல்ல வழக்கம். பக்கங்களில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அதற்கும் முன்னரே மாற்றுங்கள். தவாளிப்பின் ஆழத்திற்கு ஒவ்வொரு நாடும் சட்டம் வைத்திருக்கின்றது. ஜேர்மனியில் மோட்டார் சைக்கிளுக்கு 1.6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. பிரித்தானியாவில் 50 சீசீக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 மில்லிமீற்றர். சட்டத்தின் எல்லை வரை காத்திருப்பது மழை நாட்டில் அறிவன்று.

ரயரின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருந்தால் அது சில்லு சுழலும் திசை. ஒரு சிறிய வர்ணப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அது ரயரின் பாரம் குறைந்த இடம். மாட்டும்போது அது வால்வுக்கு நேரே வரவேண்டும்.

வேண்டிய கருவிகள்

மோட்டார் சைக்கிளுக்குரிய ரயர் லீவர் மூன்று போதும். ஸ்குரூ டிரைவரைக் கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். அதன் கூர்முனை ரியூப்பைக் கிழிக்கும், றிம்மையும் வடுப்படுத்தும். அச்சின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பனர்கள், வால்வின் உள்ளூசியைக் கழற்றும் சிறு கருவி, பம், காற்றழுத்தமானி, பவுடர், சவர்க்காரத் தண்ணீர், ஒரு தூரிகை என்பன வேண்டும். சவர்க்காரத்துக்குப் பதிலாக மசகெண்ணெயோ கிறீசோ பூசலாகாது. அவை இரப்பரை அரிக்கும். றிம்மைக் காக்கப் பழைய பிளாஸ்ரிக் போத்தலிலிருந்து வெட்டிய துண்டுகள் இரண்டு உதவும்.

சில்லைத் தரையில் வைப்பதற்குப் பழைய கார் ரயர் ஒன்று கிடைத்தால் மிக நன்று. அதன்மேல் வைத்தால் பிறேக் தட்டு தரையில் முட்டி வளையாது. குளிர் நாட்டில் உள்ளோர் ரயரை முதல்நாள் இரவே வெப்பமான அறைக்குள் கொண்டுவந்து வைத்தல் வேண்டும். குளிர்ந்த ரயர் மரம்போல விறைத்திருக்கும். வெப்பமான ரயர் சொற்கேட்கும்.

சில்லைக் கழற்றுதல்

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்துங்கள். நடுத்தாங்கி இல்லையெனில், உறுதியான மரக்கட்டையை இயந்திரத்தின் அடியில் கொடுத்து, வண்டி சரியாதபடி கயிற்றால் கட்டுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. சரியும் வண்டியைக் கையால் தாங்க முயன்று காயப்பட்டோர் உண்டு. பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கட்டும். வண்டி விழக்கூடிய பக்கத்தில் நிற்க வேண்டாம்.

பின்சில்லாயின், செயின் இறுக்கும் அடையாளங்கள் எந்தக் கோட்டில் நிற்கின்றன என்பதை முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். பிளவூசி இருந்தால் அதை நீக்கி அச்சின் நட்டைக் கழற்றி, சில்லை முன்னே தள்ளிச் செயினைப் பற்சக்கரத்திலிருந்து எடுங்கள். டிரம் பிறேக் ஆயின் அதன் கம்பியையும் தாங்கு தண்டையும் கழற்ற வேண்டும். தட்டுப் பிறேக் ஆயின், சில்லு வெளியே இருக்கும் வேளையில் பிறேக்கை எவரும் அழுத்தலாகாது. அழுத்தினால் உள்ளே உள்ள கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, சில்லைத் திரும்ப ஏற்றவிடாது.

அச்சோடு வரும் வாசர்களையும் இடைக் குழாய்களையும் ஒரு வெள்ளைத் துணியிலே வந்த வரிசைப்படி, இடம் வலம் மாறாது வைத்தல் வேண்டும். பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சொல்லியதை இங்கும் சொல்கிறேன்: ஞாபகத்தை நம்பாதே, எழுதி வை. இன்று கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

ரயரைக் கழற்றுதல்

வால்வின் மூடியையும் உள்ளூசியையும் நீக்கிக் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். றிம்மோடு இருக்கும் வால்வு நட்டையும் கழற்றுங்கள். கரடுமுரடான பாதைக்குரிய சில வண்டிகளில் வால்வுக்கு அருகே இன்னொரு நட்டும் காணப்படும். ரயர் வழுக்காமல் பிடித்திருக்கும் கட்டை அதில் உண்டு. அதனையும் தளர்த்த வேண்டும்.

அடுத்து ரயரின் ஓரத்தை அதன் இருப்பிடத்திலிருந்து பெயர்க்க வேண்டும். முழங்காலாலோ குதிக்காலாலோ றிம்முக்கு அருகில் ரயரை மிதித்துச் சுற்றிவர அழுத்துங்கள். நெடுநாள் ஓடிய ரயர் இறுகியிருக்கும். சவர்க்காரத் தண்ணீரைப் பூசிச் சிறிது நேரம் விட்டு மீண்டும் மிதித்தால் இளகும். சில்லைப் புரட்டி மறுபக்கத்தையும் அவ்வாறே பெயர்த்தல் அவசியம். ஒரு பக்கத்தை மட்டும் பெயர்த்துவிட்டு லீவரை எடுப்பதே பலர் படும் இடர்ப்பாட்டுக்குக் காரணம்.

முதல் லீவரை வால்வுக்கு அருகில் செருகுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் ரியூப் தடித்திருப்பதால் அங்கே ரயரின் ஓரம் பள்ளத்துக்குள் நன்றாக இறங்காது. ஆகவே லீவர் வால்வுப் பக்கத்திலும், முழங்கால் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் இருக்க வேண்டும். லீவரின் நுனியை ரயரின் ஓரத்தைப் பற்றும் அளவுக்கு மட்டும் உள்ளே விடுங்கள். அதற்கு மேல் விட்டால் ரியூப் அகப்படும். ஓரத்தை மேலே எடுத்த பின் ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி இரண்டாவது லீவர், அவ்வாறே மூன்றாவது. ஒரே தடவையில் பெரிய பகுதியைத் தூக்க முயல வேண்டாம். கால்வட்டம் வெளியே வந்ததும் மிகுதி கையோடு வரும்.

இப்பொழுது வால்வை உள்ளே தள்ளி ரியூப்பை வெளியே எடுங்கள். எடுக்குமுன் ரயரிலே வால்வுக்கு நேரே சோக்கட்டியால் ஒரு கோடு இடுங்கள். அதன் பயன் பின்னர் தெரியும். ரயரையும் மாற்றுவதாயின், சில்லை நிமிர்த்தி வைத்து, இரண்டாவது ஓரத்தையும் அதே பக்கமாக லீவரால் எடுத்துவிடலாம்.

ஓட்டை சொல்லும் செய்தி

ரியூப்பில் ஓட்டையைக் கண்டதும் உடனே ஒட்டுப் போடும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. அதற்கு முன், ஓட்டை எங்கே இருக்கின்றது, எவ்வடிவில் இருக்கின்றது என்பதைப் பார்க்க வேண்டும்.

ரியூப்பின் வெளிப்புறத்தில் ஒரு புள்ளியாக இருந்தால் ஆணி, முள், கண்ணாடி போன்றவை வீதியிலிருந்து ஏறியிருக்கும். சோக்குக் கோட்டை வைத்து ரியூப்பை ரயரின் மேல் முன்னிருந்தபடி வைத்தால், ஓட்டைக்கு நேரே ரயரில் அந்த ஆணி இன்னும் இருக்கக் காணலாம். அதை எடுக்காது புதிய ரியூப்பைப் போடுவது வீண். ரயரின் உட்புறத்தைத் தடவும்போது வெறுங்கையால் தடவாது துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும்.

ஓட்டை உட்புறத்தில், அதாவது றிம்மை நோக்கிய பக்கத்தில் இருந்தால், குற்றவாளி கம்பியே. கம்பியின் நுனி அதன் நிப்பிளுக்கு வெளியே நீண்டிருக்கும். அல்லது நிப்பிள்களை மூடியிருக்கும் இரப்பர்ப் பட்டி கிழிந்தோ விலகியோ இருக்கும். நீண்ட நுனியை அரத்தால் தேய்த்து மட்டமாக்கி, பட்டியைப் புதிதாகப் போடுங்கள். துருவையும் கம்பித் தூரிகையால் நீக்குங்கள்.

அருகருகே இரண்டு ஓட்டைகள், பாம்பு கடித்தது போல இருந்தால், ரியூப் நசுங்கியிருக்கின்றது. காற்றுக் குறைவாக ஓடி ஒரு பள்ளத்தில் விழுந்தபோது றிம்முக்கும் வீதிக்கும் இடையில் அகப்பட்டிருக்கலாம்; அல்லது மாட்டியவரின் லீவர் கடித்திருக்கலாம். வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்றுக் குறைந்த ரயர் பிறேக் அழுத்தும்போது றிம்மில் நழுவி, வால்வை இழுத்திருக்கின்றது. இந்தக் கிழிவுக்கு ஒட்டு இல்லை. ரியூப்பை மாற்றுதலே வழி.

வெளிப்புறத்துச் சிறு ஓட்டைக்கு ஒட்டுப் போடலாம். அரத்தாளால் தேய்த்து, சொலூசனை மெல்லியதாகப் பூசி, அதன் ஈரம் முற்றாக மறையும்வரை பொறுத்து, பின்னர் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டுவதே ஒட்டுக் கழன்று போவதற்கு முக்கிய காரணம். புதிய ரயர் போடும் நாளில் ரியூப்பையும் புதிதாகவே போடுங்கள். ஓடிய ரியூப் பெருத்துவிடுகின்றது. புதிய ரயருக்குள் அது மடிந்து, மடிப்பிலே தேயும்.

மாட்டுதல்

ரயரின் முதல் ஓரத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, அம்புக்குறியின் திசையைப் பார்த்து, கையால் அழுத்தியே பெரும்பகுதியை உள்ளே செலுத்திவிடலாம். ரியூப்பில் பவுடரைத் தடவி, அது உருண்டை வடிவம் கொள்ளும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். வடிவம் கொண்ட ரியூப் மடியாது, முறுகாது. லீவருக்கும் எளிதில் அகப்படாது. வால்வை அதன் துளையில் விட்டு, நட்டை இரண்டு மூன்று புரி மட்டும் ஏற்றுங்கள். இறுக்க வேண்டாம், வால்வை மேலே தள்ளுவதற்கு இடம் வேண்டும்.

இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்குங்கள். அங்கே ஓரத்தைப் பள்ளத்துக்குள் இறக்கி, இரு முழங்கால்களாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருபக்கமும் சிறிது சிறிதாக வால்வை நோக்கி வாருங்கள். இறுதியாக உள்ளே செல்வது வால்வு இருக்கும் பகுதி. அந்த வேளையில் வால்வை விரலால் உள்ளே தள்ளினால், ரியூப் ரயரின் ஓரத்தின் அடியிலிருந்து விலகிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் லீவரின் நுனி ரியூப்பைத் தொடாது நிற்கிறதா என்று பாருங்கள். லீவர் செங்குத்து நிலையைக் கடந்து மறுபக்கம் சாய்ந்தால் அதன் நுனி உள்ளே புகுந்து ரியூப்பைக் கடிக்கும்.

நண்பர் ஒருவரின் வீட்டிலே கண்டது இங்கே சொல்லத் தக்கது. நண்பர் உடல் வலிமை மிக்கவர். இருபது ஆண்டுகளாகக் கட்டட வேலை செய்பவர். மகளின் வண்டிக்கு ரயர் மாற்ற முயன்று, இறுதி ஒரு சாண் ஏறாதபடியால் லீவரின் மேல் தம் முழுப் பாரத்தையும் போட்டார். ரியூப் கடிபட்டது. மறுநாள் இரண்டாவது ரியூப், அதுவும் கடிபட்டது. மூன்றாவது ரியூப்பை மகளே எடுத்தாள். பத்தொன்பது வயது, மெலிந்த பிள்ளை. எதிர்ப்பக்கத்தில் ஏறி முழங்காலில் இருந்துகொண்டு, "அப்பா, நீங்கள் அந்தப் பக்கத்தைத் தூக்குகிறீர்கள்; இந்தப் பக்கம் இன்னும் இறங்கவே இல்லை" என்றாள். பின்னர் லீவரை இரு விரலாலும் பெருவிரலாலும் அழுத்தினாள்; ஓரம் உள்ளே போயிற்று. நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மனைவியை அழைத்து, "இவள் செய்ததைப் பார்த்தீரா?" என்று கேட்டபோது அவருடைய குரலில் இருந்தது தோல்வியன்று, பெருமிதம்.

காற்றடித்தல்

ஓரம் முழுவதும் உள்ளே சென்றதும், வால்வை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தடையின்றி அசைந்தால் ரியூப் அகப்படவில்லை. சிறிது காற்றடித்து, ரயரின் இரு பக்கத்திலும் றிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். அது சுற்றிவர றிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் அமிழ்ந்திருந்தால் அங்கே ஓரம் இன்னும் ஏறவில்லை. காற்றை விட்டு, சவர்க்காரத் தண்ணீர் பூசி, மீண்டும் அடியுங்கள். ரயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு மேல் எக்காரணம் கொண்டும் அடிக்கலாகாது. ஓரம் ஏறும்போது வெடிச்சத்தம் போல ஒலிக்கும். அவ்வேளை விரல்கள் றிம்முக்கு அருகில் இருக்கக் கூடாது.

ஓரம் சரியாக அமர்ந்த பின்னர் காற்று முழுவதையும் ஒரு தடவை வெளியே விட்டு, மீண்டும் அடியுங்கள். உள்ளே ரியூப்பில் ஏதேனும் மடிப்பு இருந்தால் இவ்வாறு செய்கையில் அது நிமிர்ந்துகொள்ளும். பலரும் தவிர்க்கும் வேலை இது. ஆனால் ஒரு நிமிடமே செல்லும்.

அழுத்தத்தின் அளவு வண்டியின் கைந்நூலில் உள்ளது. ஊரிலே நாம் இறாத்தலில் சொல்லிப் பழகியவர்கள். ஐரோப்பாவில் பார் என்ற அளவு வழங்குகின்றது. ஒரு பார் ஏறத்தாழ 14.5 இறாத்தல். ஆகவே 29 இறாத்தல் என்பது இங்கே 2 பார். வால்வின் வெளிநட்டை றிம்மோடு இறுக்காது மூடியோடு சேர்த்து வைப்பது நல்ல வழக்கம். ரயர் நழுவினால் வால்வு சாய்ந்து நின்று எமக்கு முன்னறிவித்தல் தரும்.

பூட்டி ஓடுமுன்

கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் எல்லாவற்றையும் பூட்டுங்கள். செயினின் தளர்வைக் கைந்நூலின் அளவுக்கு வைத்து, இரு பக்கத்து அடையாளங்களும் ஒரே கோட்டில் நிற்கச் செய்யுங்கள். அச்சின் நட்டைக் கைந்நூல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, பிளவூசியைப் புதிதாகப் போடுங்கள். டிரம் பிறேக்கின் தாங்கு தண்டை மறந்துவிட்டால், பிறேக்கை அழுத்தியவுடன் அது சுழன்று சில்லை இறுக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. தட்டுப் பிறேக்கை, ஓடுமுன் இரண்டு மூன்று தடவை அழுத்தி, பிடி இறுகுவதை உறுதி செய்யுங்கள்.

சில்லைச் சுழற்றி, அது ஆடாது சுற்றுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஸ்பனரால் மெல்லத் தட்டுங்கள். இறுகிய கம்பி மணிபோல ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பவை பலவாயின் அறிந்தவரிடம் காட்டுங்கள். கம்பியை இறுக்குதல் தனிக்கலை.

புதிய ரயர் முதல் நூறு நூற்றைம்பது கிலோமீற்றர் வரை வழுக்கும் தன்மையது. அதுவரை வளைவுகளில் நிதானமாகச் செல்லுங்கள். மறுநாட் காலை காற்றின் அளவை மீண்டும் பாருங்கள். அளவு குறையாதிருந்தால் வேலை நன்கு முடிந்தது. குறைந்திருந்தால் ஓடாதீர்கள், திரும்பக் கழற்றுங்கள்.

ஓடும்போது காற்றுப் போனால்

ரியூப் இல்லாத ரயரில் ஆணி ஏறினால் காற்றுப் பெரும்பாலும் மெதுவாகவே குறையும். ரியூப் உள்ளதில் அப்படியன்று. கிழிந்த ரியூப்பின் காற்று வால்வுத் துளையாலும் கம்பித் துளைகளாலும் விரைந்து வெளியேறிவிடும். வண்டி திடீரெனப் பாம்புபோல நெளியும். அந்த வேளையில் பிறேக்கை வலிந்து அழுத்துவோரே பெரும்பாலும் விழுகின்றனர். கைப்பிடியை இரு கைகளாலும் நேராகப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, காற்றுப் போகாத சில்லின் பிறேக்கை மட்டும் மெல்லப் பயன்படுத்தி ஓரத்துக்கு வாருங்கள். இதனை உங்கள் பிள்ளைகளுக்கு ரயர் மாற்றும் நாளிலே சொல்லிக்கொடுங்கள். கையில் ரியூப் இருக்கும்போது சொன்னது மனதில் நிற்கும்.

பழைய ரயரை வீட்டுக் குப்பையில் போடலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முழு ரயர்களை நிலத்தில் புதைத்தல் 2003 முதலும், துண்டாக்கியவற்றைப் புதைத்தல் 2006 முதலும் தடை செய்யப்பட்டுள்ளது. நகரசபையின் சேகரிப்பு நிலையத்திலோ ரயர் கடையிலோ ஒப்படையுங்கள். ஊரில் இருப்போருக்கு ஒரு வார்த்தை: முற்றத்தில் கிடக்கும் பழைய ரயரில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு அங்கேயே பெருகும். பயன்படாததைக் கூரையின் கீழ் வையுங்கள்.

ஓர் ஓய்வுநாளின் முற்பகல் இந்த வேலைக்குப் போதும். முதல் தடவை மூன்று மணித்தியாலம் செல்லலாம். இரண்டாம் தடவை பாதி நேரத்தில் முடியும். மகனையோ மகளையோ அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெயர்களையும் தமிழிலே சொல்லுங்கள்: இது சில்லு, இது கம்பி, இது தவாளிப்பு, இது பள்ளம் என்று. லீவரை அவர்களிடம் கொடுத்து, நீங்கள் எதிர்ப்பக்கத்தில் முழங்காலை வையுங்கள்.